பழைய தோப்பு டிராக்டர்: இருபது நிமிடம் ஓடி நின்றுபோகிறது. டீசல் லைனா, பம்ப் போச்சா?

தோப்புக்காரர்_ஆனைமலை

எல்லோருக்கும் வணக்கம். ஆனைமலை பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு, ஊடுபயிராக ஜாதிக்காயும் கோகோவும் இருக்கிறது. மரத்துக்கு மரம் 25 அடிதான் என்பதால் பெரிய வண்டியை உள்ளே விட்டால் திரும்பாது, மட்டையிலும் கோகோ கிளையிலும் இடித்துக்கொண்டே போகும். அப்பா வாங்கிய 18 எச்பி சின்ன டிராக்டர்தான் இத்தனை வருடமாக உழவு, மட்டை இழுப்பது, மருந்தடிப்பது எல்லாவற்றுக்கும். மூன்று சிலிண்டர் டீசல், பழைய ஜப்பான் டிசைன்.

பிரச்சினை இதுதான். காலையில் ஹீட்டர் போட்டதும் ஒரே செல்ஃபில் எடுத்துவிடும். ரொட்டவேட்டர் இறக்கி உழ ஆரம்பித்தால் 15–20 நிமிடம் குறையே இல்லை. அப்புறம் மூச்சு வாங்குவது மாதிரி சத்தம் ஏறி இறங்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் எடுக்காது, அப்படியே அணைந்துவிடும். பத்து நிமிடம் சும்மா விட்டால் மறுபடி எடுக்கும். ஆனால் இரண்டாவது முறை ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

டீசல் ஃபில்டர் புதிது போட்டேன், ஏர் எடுத்தேன் (லைனில் மாட்டிய காற்றை வெளியேற்றினேன்). மாற்றமே இல்லை. எங்கள் ஊர் மெக்கானிக், டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார். டவுனில் பம்ப் கடையில் கேட்டேன், எலிமென்ட் (பம்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் பாகம்) மூன்றும் மாற்றி காலிபரேஷன் செய்ய 14,000 ரூபாய் ஆகும் என்றார்கள். செலவு செய்யக் கூடாது என்றில்லை. அப்பா இருந்தவரை இந்த பம்பை யாரும் தொட்டதில்லை, தேவையில்லாமல் பிரிக்க மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பம்ப்_நாசில்_கரூர்

தம்பி, பம்பைத் தொடாதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் பம்ப் பெஞ்சில் நின்றவன் சொல்கிறேன். என் கடைக்கு "பம்ப் போச்சு" என்று வந்த வண்டிகளில் நிறையப் பேருக்கு பம்ப் நன்றாகவே இருந்தது, அதற்கு டீசல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எலிமென்ட் தேய்ந்த பம்ப் எப்படி நடந்துகொள்ளும் என்றால், நாளாக நாளாக இழுவை குறையும். சூட்டில் டீசல் நீர்த்துப்போவதால், தேய்ந்த எலிமென்ட்டில் பக்கவாட்டில் கசிந்துவிடும். அப்படி சூட்டில் அணைந்தால் வண்டி நன்றாக ஆறும் வரை எடுக்கவே எடுக்காது. உங்கள் வண்டி பத்தே நிமிடத்தில் எடுக்கிறது என்கிறீர்கள். ஐட்லிங்கில் விட்டால் அணைகிறதா, உழவு ஓட்டும்போது மட்டுமா? லோடில் மட்டும் என்றால் எனக்கு டேங்க் பக்கம்தான் சந்தேகம். லோடில்தான் வண்டி அதிகம் டீசல் கேட்கும். வழியில் ஏதோ தடுக்கிறது.

மூன்று சோதனை செய்யுங்கள், காசு செலவே இல்லை. வண்டி அணையும் அந்த நேரத்தில் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் உள்ள மூச்சு ஓட்டை அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால், ஃபில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் டீசல் ஒரே கனத்தில் விழுகிறதா என்று பாருங்கள். முதல் அரை நிமிடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதற்கும் பதில் தெளிவாக இல்லை என்றால் டேங்கையே விட்டுவிட்டு, சுத்தமான கேன் ஒன்றில் புது டீசல் ஊற்றி, பானெட்டுக்கு மேல் உயரத்தில் கட்டி, புது ஹோஸில் நேராக ஃபில்டருக்குக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அதில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் பம்பும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலும் குற்றமற்றவை. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கேனோ ஹோஸோ போகக் கூடாது.

டெல்டா_உழவன்

புது டீசல் வந்த பிறகுதான் பழைய வண்டிகளுக்கு இந்தத் தொல்லை எல்லாம். சல்ஃபரை எடுத்துவிட்டார்கள், வழவழப்பே இல்லை. நான் டேங்க் நிரப்பும்போதெல்லாம் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) கொஞ்சம் ஊற்றிவிடுகிறேன். இவரும் அதைச் செய்யலாம் இல்லையா?

பம்ப்_நாசில்_கரூர்

பாதி சரி, உழவரே. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 டீசல்தான். சல்ஃபர் 50 பிபிஎம்மில் இருந்து 10-க்கு இறங்கியது உண்மை. சல்ஃபரை எடுக்கும்போது இயற்கையான வழவழப்பும் போய்விடும் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு ஈடாக ரிஃபைனரியிலேயே மருந்து கலந்துதான் அனுப்புகிறார்கள். வழவழப்பைப் பார்க்கும் தேய்மானச் சோதனையில் உலோகத்தில் விழும் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. நல்ல பங்கில் அடிக்கும் டீசலுக்கு நாம் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

புது டீசலால் எனக்குத் தெரிந்து வந்த தொல்லை வேறு. வருடக்கணக்கில் பழைய டீசலில் ஊறி உப்பிய ரப்பர் சீலும் ஓ-ரிங்கும் இதில் சுருங்கிக் கசியும். அதற்கு ரப்பரை மாற்றுவதுதான் வழி, ஆயில் ஊற்றினால் தீராது. இந்தத் தம்பியின் வண்டிக்கு இது பொருந்துமா என்று பிறகு பார்ப்போம், முதலில் சோதனை முடியட்டும்.

தோப்புக்காரர்_ஆனைமலை

அண்ணா, மூன்றும் செய்துவிட்டேன். கேட்டதற்கு முதலில் பதில்: ஐட்லிங்கில் முக்கால் மணி நேரம் விட்டுப் பார்த்தேன், அணையவில்லை. லோடில் மட்டும்தான்.

மூடியைத் திறந்தபோது சத்தம் எதுவும் இல்லை. மூச்சு ஓட்டையில் ஊசி விட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. அப்புறம் ஹோஸைக் கழற்றி பாட்டிலில் விட்டேன். முதலில் சுண்டுவிரல் கனத்துக்கு விழுந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் அதைப் பார்த்து மூடியிருப்பேன். ஒன்றரை நிமிடத்தில் பென்சில் அளவு, மூன்றாவது நிமிடம் நூல் மாதிரி. கடைசியில் சொட்டுச் சொட்டாக. டேங்கின் அடியில் டீசலைத் திறந்து மூடும் டாப்பை (காக்) மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் மறுபடி சுண்டுவிரல் கனம்!

மனசு கேட்காமல் கேன் சோதனையும் செய்தேன். ஐந்து லிட்டர் கேனை பானெட் கம்பியில் கட்டி, புது ஹோஸ் போட்டு, ஏர் எடுத்து, ரொட்டவேட்டரோடு தோப்பில் ஓட்டினேன். ஒரு மணி பத்து நிமிடம். ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! பம்ப் கழற்றும் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

நத்தம்_மாந்தோப்பு

வாழ்த்துகள் அண்ணா. எனக்கும் மாந்தோப்பில் இதே மாதிரி சின்ன வண்டிதான். டேங்க் உள்ளே என்ன இருந்தது என்று படம் போடுங்கள், அல்லது எழுதியாவது சொல்லுங்கள்.

தோப்புக்காரர்_ஆனைமலை

டேங்கை இறக்கியாயிற்று. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, காக்கைத் திருகி எடுத்தேன். அந்தக் காக்கின் மேல்பக்கம் டேங்குக்குள் நிற்கிற மாதிரி ஒரு சின்னக் குழாய், அதன் தலையில் சுண்டுவிரல் கணு அளவுக்குப் பித்தளை வலை. வலை என்று தெரியவே இல்லை. கறுப்பாக, ஊறவைத்துப் பிழிந்த புளிச்சக்கை மாதிரி ஏதோ சுற்றி ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுவழு என்று நூலாக இழுத்தது. டீசல் வாடையோடு புளித்த வாடையும் அடித்தது. அதோடு மெல்லிய செதில் செதிலாகத் துரு. அடியில் மிச்சம் இருந்த டீசலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி இரவு முழுக்க வைத்தேன். காலையில் பார்த்தால் கீழே இரண்டு விரற்கடை தண்ணீர், நடுவில் கறுப்பு ஆடை, மேலே டீசல். இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றுதான் புரியவில்லை. வண்டி எப்போதும் கொட்டகைக்குள்தானே நிற்கிறது?

பம்ப்_நாசில்_கரூர்

கொட்டகையில் நின்றாலும் வரும் தம்பி. வேலை முடிந்து பாதி டேங்க்கோடு நிறுத்துகிறீர்கள் இல்லையா? மீதிப் பாதியில் காற்று. உங்கள் பக்கம் மழைக்காலத்தில் காற்றே ஈரம். ராத்திரி குளிரில் டேங்க் தகட்டின் உள்பக்கம் அந்த ஈரம் வியர்த்து, சொட்டாக இறங்கும். தண்ணீர் டீசலைவிட கனம், நேராக அடிக்குப் போய்த் தங்கிவிடும். நாள் கணக்கில் சேர்ந்தால் நீங்கள் பார்த்த அளவு வரும்.

அந்தக் கறுப்பு ஆடை உயிருள்ளது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் ஒருவகை பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும், டீசலைத் தின்றே வளரும். அதிலிருந்து வரும் அமிலம் தகட்டையும் அரிக்கும். துருச்செதில் வந்த வழி அதுதான்.

உங்கள் வண்டி ஏன் அணைந்து பிறகு எடுத்தது என்று இப்போது புரிந்திருக்கும். டீசல் ஓடும்போது அந்தச் சக்கையும் செதிலும் இழுபட்டு வலையில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஓட்டம் நின்றால் உதிர்ந்து கீழே விழுந்துவிடும். பத்து நிமிடம் என்பது அது உதிர எடுத்துக்கொண்ட நேரம்.

சுத்தம் செய்யும் முறை: இரண்டு லிட்டர் சுத்தமான டீசலும் ஒரு முழம் மெல்லிய இரும்புச் சங்கிலியும் உள்ளே போட்டு, காக் ஓட்டையை அடைத்து, நாலு பக்கமும் குலுக்குங்கள். ஊற்றிவிட்டு மறுபடி. வடியும் டீசல் கண்ணாடி பாட்டிலில் தெளிவாகத் தெரியும் வரை செய்யுங்கள். சிலர் ஜல்லி போடுவார்கள், அது உடைந்து உள்ளேயே தங்கும். சங்கிலி என்றால் ஒரே துண்டாக வெளியே வந்துவிடும். கடைசியில் வாயைத் திறந்து வெயிலில் கவிழ்த்து நன்றாகக் காயவிடுங்கள். வலையில் உள்ள சக்கையைப் பல் பிரஷ்ஷால் தேய்த்து, பின்பக்கமிருந்து காற்றடியுங்கள். வலை வேண்டாம் என்று சிலர் பிய்த்து எறிவார்கள், அது தப்பு.

டேங்கில் ஓட்டை தெரிந்தால் வெல்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வடித்த டேங்கில் டீசல் ஆவி இருக்கும், நெருப்பு பட்டால் வெடிக்கும். இதில் ஆள் போன கதை தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

கிளிநொச்சி_வயல்

கரூர் ஐயா சொல்வது முழுக்கச் சரி. எங்களிடம் இருப்பது இரண்டு சில்லு (சக்கர) உழவு இயந்திரம், ஊரில் லான்ட்மாஸ்டர் என்றுதான் சொல்லுவோம். 2022-ல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது வரிசையில் நின்று கிடைத்த டீசலைக் கான்களில் மாதக்கணக்காக வைத்திருந்தோம். கான் மூடி சரியாக இறுகாமல் மழைத்தண்ணீர் போனதும் தெரியாது, அதை அப்படியே ஊற்றினோம். அடுத்த போகத்துக்கு வயலில் இறக்கினால் இதே கதை, இதே கறுப்புச் சக்கை.

டீசல் பத்தாமல் மண்ணெண்ணெய் கலந்தவர்களும் இருந்தார்கள். எனது அயலவர் ஒருவருக்கு அந்த வருடமே பம்ப் இறுகிவிட்டது. கலப்பது பிழை என்று அப்போது எவரும் சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

பம்ப்_நாசில்_கரூர்

கிளிநொச்சி நண்பர் நல்ல விஷயம் சொன்னார். இந்த பம்பின் எலிமென்ட்டுக்கு தனியாக ஆயில் கிடையாது. அதன் வழியே போகும் டீசல்தான் அதற்கு எண்ணெய். எலிமென்ட்டில் ஏறி இறங்கும் தண்டுக்கும் (பிளஞ்சர்) அது ஓடும் உருளைக்கும் (பேரல்) நடுவே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான், தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு. மண்ணெண்ணெய் நீர்த்தது, அந்த இடத்தில் படலமாக நிற்காது. தண்ணீர் போனால் துரு பிடித்து ஒரே ராத்திரியில் இறுகிவிடும். அதனால்தான் ஃபில்டருக்குக் கீழே உள்ள கிண்ணத்தை அடிக்கடி பாருங்கள் என்று தலைதலையாக அடித்துக்கொள்கிறோம். சில வண்டிகளில் கிண்ணத்துக்குள் சிவப்பு வளையம் ஒன்று இருக்கும். அது டீசலில் மூழ்கும், தண்ணீரில் மிதக்கும். வளையம் மேலே ஏறி நின்றால் தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்டாரியோ_தோட்டம்

நான் கனடாவில் இருக்கிறேன். என்னுடையது 1980களின் பெட்ரோல் கார்டன் டிராக்டர், கோடையில் புல் வெட்டவும் பனிக்காலத்தில் பனி தள்ளவும். அதுவும் இதே மாதிரி அரை மணி நேரத்தில் அணைகிறது. பெட்ரோல் வண்டிக்கும் இந்தச் சோதனைகள் பொருந்துமா?

பம்ப்_நாசில்_கரூர்

மூடி சோதனை அப்படியே பொருந்தும். ஹோஸ் சோதனையை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், பக்கத்தில் பைலட் நெருப்போ சிகரெட்டோ இல்லாமல் செய்யுங்கள். பெட்ரோல் டீசல் மாதிரி இல்லை. கேன் கட்டி ஓட்டும் சோதனையை மட்டும் பெட்ரோலில் செய்ய வேண்டாம்.

உங்கள் வண்டியில் கிராங்க் கேஸின் (எஞ்சின் அடிப்பெட்டி) காற்றுத் துடிப்பில் ஓடும் சின்ன டயஃப்ரம் பம்ப் இருக்கலாம். அதற்குப் போகும் துடிப்பு ஹோஸ் வெடித்திருந்தாலும் இதே தொல்லைதான். பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் உள்ளே உப்பும், ஈரத்தையும் இழுக்கும். அந்தக் காலத்து ஹோஸ் என்றால் யோசிக்காமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்தும்போது கார்பரேட்டரை வடித்துவிடுங்கள்.

தோப்புக்காரர்_ஆனைமலை

டேங்க் ஆறு தடவை கழுவினேன். வெயிலில் இரண்டு நாள். மாட்டி, ஏர் எடுத்து, நாலு நாளாக உழவு முழுவதும் முடித்துவிட்டேன். ஒரு தடவைகூட அணையவில்லை. ஊர் மெக்கானிக்கையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் சந்தோஷப்பட்டார்.

ஆனால் அண்ணா, புதிதாக ஒன்று. இப்போது காலையில் எடுக்க மறுக்கிறது. ஐந்தாறு செல்ஃப் அடிக்க வேண்டும். எடுத்ததும் ஒரு நிமிடம் தடுமாறி, அப்புறம் நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது. முன்பு காலையில் ஒரே செல்ஃப் என்று எழுதியிருந்தேனே. நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா? டீசல் எங்கேயும் கசியவில்லை, துணியால் துடைத்துப் பார்த்துவிட்டேன்.

பம்ப்_நாசில்_கரூர்

கசியாததுதான் விஷயம். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன பம்ப்தான் ஃபீட் பம்ப்; டேங்குக்கும் அதற்கும் நடுவில் டீசல் இழுபட்டு வருகிறது. அந்தப் பக்கம் மயிரிழை இடைவெளி இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ராத்திரி வண்டி நிற்கும்போது அந்தக் காற்று மேலே ஏறி, டீசல் பின்வாங்கி, காலையில் பம்ப் வெறும் காற்றை மெல்லும்.

டேங்கைக் கழற்றி மாட்டியபோது டீசல் லைனை இணைக்கும் துளையுள்ள போல்ட்டின் (பாஞ்சோ போல்ட்) காப்பர் வாஷரைப் புதிதாகப் போட்டீர்களா, பழையதையே இறுக்கினீர்களா? ஹோஸின் முனையைப் பழைய இடத்திலேயே திணித்தீர்களா? ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ்) தற்காலிகமாகப் போட்டு, எஞ்சினை ஓட்டிக் குமிழ் வருகிறதா பாருங்கள். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள், டீசலில் கல்லாகி வெடித்துவிடும்.

தோப்புக்காரர்_ஆனைமலை

பழைய வாஷரையேதான் போட்டேன் அண்ணா. அதில் இப்படி ஒரு சங்கதி இருப்பது தெரியாது. கண்ணாடி ஹோஸ் போட்டதும் கடுகளவு குமிழ் வரிசையாக ஓடுவது தெரிந்தது. பழைய ஹோஸையும் நீளவாக்கில் பிளேடால் கிழித்துப் பார்த்தேன். வெளியே பளபள என்று இருந்தது. உள்ளே முனையில் ரப்பர் படலம் உரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. கிளிப் இறுக்கிய இடத்தில் வெடிப்பு.

பம்ப்_நாசில்_கரூர்

இரண்டுமே காரணம். ஹோஸை மாற்றுங்கள், டீசலுக்கான ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர் ஹோஸ் வேண்டாம். காப்பர் வாஷர் புதிது கிடைத்தால் நல்லது. கிடைக்கும்வரை பழையதைப் பதப்படுத்திக்கொள்ளலாம். ஒருமுறை இறுக்கிய செம்பு கெட்டியாகிவிடும், இரண்டாம் முறை வளைந்து கொடுக்காது. கம்பியில் கோத்து, கேஸ் அடுப்பில் செந்தணல் நிறம் வரும்வரை காட்டி, தண்ணீரில் போடுங்கள். இரும்பு இப்படிச் செய்தால் கெட்டியாகும், செம்பு இளகிவிடும். வீட்டு அடுப்பில் வைக்கும்முன் ஒட்டியிருக்கும் டீசலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். இரண்டு பக்கமும் நைஸ் எமரி தாளைக் கண்ணாடி மேல் விரித்து, வட்டமாகத் தேய்த்துச் சமமாக்கி மாட்டுங்கள்.

அதன்பின் ஏர் எடுப்பது: ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்துக்கொண்டே முதலில் ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் மூடுங்கள். அடுத்து பம்பின் ஸ்க்ரூ. கடைசியாக நாசில் பக்கம் உள்ள பைப் நட்டுகளை 17 ஸ்பேனரில் அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்க வைத்து செல்ஃப் அடித்தால் சொட்டு விழும், இறுக்கிவிடுங்கள். பத்து விநாடிக்கு மேல் செல்ஃபை அழுத்த வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது நாசில் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரல் வைத்துத் தடவாதீர்கள். அங்கே வரும் அழுத்தத்தில் டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் விரலையே எடுக்கும்படி ஆகலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால் வீட்டில் மஞ்சள் வைத்துக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரி, டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தோப்புக்காரர்_ஆனைமலை

எல்லாம் முடிந்தது அண்ணா. வாஷரை அடுப்பில் காட்டினேன், சிவந்து தண்ணீரில் போட்டதும் கறுப்பு உரிந்து ரோஜா நிறத்தில் வந்தது. கையால் வளைத்தால் வளைந்தது, அவ்வளவு மென்மை. புது ஹோஸ், புது கிளிப். கண்ணாடி ஹோஸில் ஒரு குமிழ் இல்லை என்று பார்த்த பிறகுதான் அதை எடுத்தேன்.

இன்றோடு ஒன்பதாவது காலை, ஒரே செல்ஃப். மொத்தச் செலவு ஃபில்டரையும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள். இப்போது மாலையில் நிறுத்தும்போதே டேங்க்கை நிரப்பிவிடுகிறேன். வாராவாரம் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து கொஞ்சம் வடிக்கிறேன். அப்பாவின் பம்ப் இன்னும் சீல் உடையாமல் இருக்கிறது. அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கரூர் பக்கம் வந்தால் ஒரு சாக்கு தேங்காய் உங்கள் கடைக்கு உண்டு.

நத்தம்_மாந்தோப்பு

அண்ணா, ஹோஸ் என்ன அளவு வாங்கினீர்கள்? நாளைக்கே என் வண்டி டேங்கை இறக்கப் போகிறேன்.

தோப்புக்காரர்_ஆனைமலை

உள்விட்டம் 8 மி.மீ. தம்பி, ஒரு மீட்டர் வாங்கினேன், மிச்சம்கூட இருக்கிறது. உங்கள் வண்டிக்கு வேறு அளவாக இருக்கலாம், பழைய துண்டு ஒன்றை வெட்டிக் கடைக்குக் கையோடு கொண்டு போங்கள். இறக்குவதற்கு முன் காப்பர் வாஷரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.